மார்ஷல் லுவோ ரோங்ஹுவான்: ஒரு அரசியல் கமிஸாரின் வாழ்க்கை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

சீனப் புரட்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் மாவோ, ஜூ தே, பெங் தேஹுவாய், லின் பியாவ் என்று பெயர்கள் வரிசையாக வரும். லுவோ ரோங்ஹுவான் பெயர் பெரும்பாலும் வராது. அவரைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும் நண்பர்கள் கேட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். பயத்தை வைத்து மனிதர்களை ஆட்டிவைக்க எளிதில் பயன்படக்கூடிய ஒரு பதவி அவருக்குக் கிடைத்தது. அதை அவர் பயத்தைக் குறைக்கப் பயன்படுத்தினார் என்பது என் எண்ணம். அதனால்தான் அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

யார் இவர்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1902 நவம்பர் 26 அன்று ஹுனான் மாகாணத்தின் ஹெங்ஷான் பகுதியில் பிறந்தவர். 1927இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். நெடும்பயணம் (1934-35இல் செம்படை, அதாவது கம்யூனிஸ்ட் படை, நடந்தே செய்த நீண்ட பின்வாங்கல்), ஜப்பானுக்கு எதிரான போர், உள்நாட்டுப் போர் மூன்றையும் கடந்து, 1955இல் சீன மக்கள் விடுதலைப் படை பத்துப் பேருக்கு மார்ஷல் பட்டம் கொடுத்தபோது அவர்களில் ஒருவரானார். அரசியல் பணியையே தன் முழு வேலையாகச் செய்து அந்த இடத்துக்கு வந்தவர் என்று அந்தப் பத்துப் பேரில் இவரைத்தான் சொல்வார்கள். 1963 டிசம்பர் 16 அன்று, 61 வயதில் பெய்ஜிங்கில் இறந்தார்.

அரசியல் கமிஸார் என்றால் என்ன வேலை? தளபதியை வேவு பார்க்கிறவரா?

சோவியத் நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்குக் கமிஸார் என்ற சொல் பழக்கமானது. சீனப் படையில் அந்தப் பதவி இன்னும் ஆழமாக வேரூன்றியது. ரெஜிமென்ட்டும் அதற்கு மேற்பட்ட அமைப்புகளும் என்றால் தளபதி ஒருவர், அரசியல் கமிஸார் ஒருவர். இருவரும் சம அந்தஸ்து. பட்டாலியனிலும் கம்பெனியிலும் இதே வேலைக்கு வேறு பெயர்களில் ஆட்கள் உண்டு. சண்டையை நடத்துவது தளபதி பொறுப்பு. பதவி உயர்வு, ஒழுக்கம், கட்சிக் கிளை, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பது, கைதிகளை நடத்தும் முறை, ஊர் மக்களோடு உறவு எல்லாம் கமிஸார் தலையில். பெரிய முடிவுகளைக் கட்சிக் குழு எடுக்கும். முக்கியமான உத்தரவுகளில் இருவர் கையெழுத்தும் இருக்கும்.

கண்காணிப்பும் இந்த வேலையில் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. துப்பாக்கி கட்சியின் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காகவே உருவான ஏற்பாடு இது. ஆனால் நல்ல கமிஸார் வாய்த்த படையில் சிப்பாய்க்குச் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கும், அதிகாரி கை ஓங்க மாட்டான், காயம்பட்டவனை விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். கெட்ட கமிஸார் வாய்த்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கீழே ஹூசி பற்றிய பதிலைப் பாருங்கள்.

கல்லூரி மாணவர் எப்படிப் படைக்கு வந்தார்?

சிங்தாவ் நகரில் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே 1925ஆம் ஆண்டின் ஏகாதிபத்திய எதிர்ப்புப் போராட்டங்களில் முன்னால் நின்றார். அப்புறம் ஊர் திரும்பி விவசாயிகள் சங்கத்தில் வேலை. 1927இல் வூஹானில் கட்சி உறுப்பினரானார். அந்த ஆண்டு மாவோ நடத்திய இலையுதிர்கால எழுச்சி என்ற ஆயுதக் கிளர்ச்சி தோற்றுப்போனபின், மிஞ்சியவர்களோடு மலைப் பக்கம் நடந்தவர்களில் இவரும் ஒருவர்.

செப்டம்பர் கடைசியில் அவர்கள் ஜியாங்சி மாகாணத்தின் சான்வான் என்ற சிறிய ஊரை அடைந்தார்கள். ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை. போக விரும்புகிறவர்கள் போகலாம், வழிச்செலவுக்குக் காசு தருகிறோம் என்று மாவோ சொன்னார். இருந்தவர்களை ஒரே ரெஜிமென்ட்டாகச் சுருக்கி, ஒவ்வொரு கம்பெனியிலும் கட்சிக் கிளை வைத்தார்கள். அதிகாரி சிப்பாயை அடிக்கக் கூடாது, சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான், கணக்கைச் சிப்பாய்களே பார்க்கலாம் என்று விதிகள் வந்தன. அப்போது கம்பெனி அளவில் நியமிக்கப்பட்ட முதல் கட்சிப் பிரதிநிதிகளில் ஒருவர் லுவோ. சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, சண்டை அனுபவம் இல்லாத 24 வயதுப் படிப்பாளியைப் பழைய கூலிப்படைச் சிப்பாய்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். முன்னேறும்போது முதலில் போனார், பின்வாங்கும்போது கடைசியில் வந்தார். மரியாதை அப்படித்தான் வந்தது.

1929 டிசம்பரில் ஃபூஜியான் மாகாணத்தின் குடியான் ஊரில் நடந்த மாநாடு அடி உதையை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. படையின் முன்னணிக் குழுவுக்கு லுவோ தேர்ந்தெடுக்கப்பட்டதும் அங்கேதான். 1930இல் செம்படையின் நான்காவது ஆர்மிக்கு அரசியல் கமிஸாரானார். அதன் தளபதி லின் பியாவ்.

லின் பியாவோடு ஒத்துப்போனாரா?

லின் பியாவ் அதிகம் பேசமாட்டார், யாரையும் எளிதில் ஏற்கமாட்டார். அவரோடு கமிஸாராக வேலை பார்ப்பது லேசான காரியம் இல்லை. லுவோ விட்டுக்கொடுக்கும் இடத்தில் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுக்காத இடங்கள் இரண்டு: 1948இல் ஒன்று, 1961இல் ஒன்று. இரண்டையும் கீழே சொல்கிறேன்.

ஹூசி சம்பவம் என்கிறார்களே, அது என்ன?

அவர் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். இதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறார்கள்.

ஹூசி என்றால் ஏரிக்கு மேற்கே என்று பொருள். ஷான்டாங் மாகாணத்தின் தென்மேற்கு ஓரத்தில் வெய்ஷான் ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள பகுதி. 1939இல் அங்கே கட்சிக்குள் டிராட்ஸ்கியவாதிகள் (ஸ்டாலினை எதிர்த்த டிராட்ஸ்கியின் ஆதரவாளர்கள்) புகுந்துவிட்டார்கள் என்று ஒரு வேட்டை தொடங்கியது. ஒருவரைப் பிடித்து அடிப்பது, வலி தாங்காமல் அவர் நாலு பேர் பெயரைச் சொல்வது, அந்த நாலு பேரைப் பிடித்து அடிப்பது. இப்படியே சங்கிலி நீண்டது. நடத்தியவர்களில் ஒருவர் வாங் ஃபெங்மிங், லுவோ அரசியல் பொறுப்பில் இருந்த 115ஆவது டிவிஷனைச் சேர்ந்த அரசியல் அதிகாரி. சுமார் 300 பேர் கொல்லப்பட்டார்கள். பள்ளி ஆசிரியர்கள், மாணவர்கள், ஜப்பானியரை எதிர்க்க வீட்டைவிட்டு வந்த இளைஞர்கள்.

செய்தி கேட்டதும் லுவோ கொலைகளை நிறுத்தச் சொல்லித் தந்தி கொடுத்தார். தந்தியோடு நிற்கவில்லை. ஜப்பானியர் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளைக் கடந்து நேரில் போனார். அடைபட்டிருந்தவர்களை வெளியே விடச் சொன்னார், வழக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். நூற்றுக்கணக்கானவர்கள் உயிர் பிழைத்தார்கள். அவர்களில் ஒருவர் லியாங் சிங்சூ என்ற படைத் தளபதி. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

அன்றைய சூழலில் டிராட்ஸ்கியவாதி என்ற முத்திரை விழுந்தவனுக்காகப் பேசினால் பேசுகிறவன் மேலும் அதே முத்திரை விழும். அது தெரிந்தே அவர் போனார். ஆனாலும் முழு நியாயம் கிடைத்துவிடவில்லை. இறந்தவர்கள் பலரின் பெயர் மீது இருந்த களங்கம் முற்றாக நீங்க 1980கள் வரை ஆனது.

அவர் நேரடியாகச் சண்டையை நடத்தியிருக்கிறாரா?

நடத்தியிருக்கிறார். 1941 நவம்பர். 50,000க்கும் மேற்பட்ட ஜப்பானியப் படையும் அவர்களோடு சேர்ந்த சீனப் படைகளும் யிமெங் மலைப் பகுதியைச் சுற்றி வளைத்தன. நடுவில் லியுத்தியான் என்ற ஊரில் 115ஆவது டிவிஷனின் தலைமையகம். கூட இருந்தவர்களில் பெரும்பாலோர் சண்டை போடாதவர்கள்: எழுத்தர்கள், மருத்துவர்கள், அச்சகத்தார், கட்சி ஊழியர்கள். காவலுக்கு இருந்த துருப்பு மிகக் கொஞ்சம்.

மதியம் கூட்டம் போட்டார்கள். கிழக்கே ஆற்றைக் கடக்கலாம் என்றார் ஒருவர். வடக்கே போகலாம், மேற்கே போகலாம் என்று வேறு சிலர். லுவோ எல்லோரையும் பேச விட்டுக் கடைசியில் தெற்கே போவோம் என்றார். தெற்கே லின்யி, அதாவது ஜப்பானியப் படையின் தலைமை இடமே அந்தப் பக்கம்தான். கூட்டம் அசந்துபோனது. அவர் கணக்கு எளிமையானது: எதிரி ஆட்களையெல்லாம் நம்மைச் சுற்றிக் குவித்துவிட்டான், அப்படியானால் அவன் வீடு காலி.

இருட்டியதும் கிளம்பினார்கள். பேச்சு, இருமல், நெருப்பு எதுவும் கூடாது. மலைச்சரிவுகளில் எதிரி மூட்டிய தீ எரிந்துகொண்டிருந்தது. அவற்றுக்கு இடைப்பட்ட இருட்டில் வரிசையாக நடந்தார்கள். மூன்று காவல் வளையங்களைத் தாண்டியபின் மேற்கே திரும்பினார்கள். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு ஆள் சாகவில்லை. அந்த வரிசையில் ஹான்ஸ் ஷிப்பே என்ற ஐரோப்பியப் பத்திரிகையாளரும் நடந்தார். சத்தமில்லாத சண்டை என்று அதைப் பற்றி எழுதினார். அதே மாதக் கடைசியில், அதே மலைப் பகுதியில் நடந்த மோதலில் அவர் கொல்லப்பட்டார்.

பிற்பாடு இந்த முறைக்கே ஒரு பெயர் வந்தது. நீ என் எல்லைக்குள் வந்தால் நான் உன் எல்லைக்குள் போகிறேன் என்பதுதான் அதன் சாரம்.

ஷான்டாங்கில் வேறு என்ன செய்தார்?

1939இல் சிறிய படையோடு அங்கே போனார். 1943இல் அந்தப் பகுதியின் ராணுவத் தளபதி, அரசியல் கமிஸார் என்று பொறுப்புகள் எல்லாம் அவர் ஒருவரிடம் வந்து சேர்ந்தன. குத்தகைக் குறைப்பு நடந்தது. பொருளாதார அறிஞர் சுவே முசியாவ் வந்தபின், தளப்பகுதியில் (கம்யூனிஸ்டுகள் பிடியில் இருந்த பகுதியில்) புழங்கிய பெய்ஹாய் நாணயத்தை உப்பு, கடலை எண்ணெய் போன்ற பண்டங்களின் இருப்பை வைத்து நிலைநிறுத்தினார்கள். தங்கம் இல்லாத இடத்தில் உப்பே பணத்துக்குப் பின்பலம். 1945இல் போர் முடிந்தபோது ஷான்டாங் கம்யூனிஸ்ட் படைகளின் மிகப் பெரிய தளங்களில் ஒன்று. அங்கிருந்து 60,000க்கும் மேற்பட்டவர்களை வடகிழக்குக்கு, அதாவது மஞ்சூரியாவுக்கு, அனுப்பினார்கள். ஒரு பகுதியினர் தரைவழி, மற்றவர்கள் லோங்கோவ் துறைமுகத்திலிருந்து படகில். இந்தப் படைதான் பிறகு மஞ்சூரியாவில் வென்றது.

உடம்பு சரியில்லாதவர் என்கிறார்களே?

1942 வாக்கில் சிறுநீரில் ரத்தம் போகத் தொடங்கியது. குதிரையில் உட்கார முடியாமல் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போன நாட்கள் உண்டு. அடுத்த ஆண்டு, புதிய நான்காவது படை என்ற மற்றொரு கம்யூனிஸ்ட் படையில் இருந்த ஜேக்கப் ரோசன்ஃபெல்ட் என்ற சிறுநீரக மருத்துவரிடம் போனார். ரோசன்ஃபெல்ட் ஆஸ்திரிய யூதர். வியன்னாவில் படித்தவர். நாஜிகளின் டாகாவ், புகென்வால்ட் வதைமுகாம்களில் இருந்து வெளிவந்து 1939இல் ஷாங்காய்க்குக் கப்பலேறியவர். எக்ஸ்ரே இல்லாத ஊரில் அவரால் நோயை முழுதாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனாலும் வலியைக் கட்டுக்குள் வைத்தார். அப்புறம் லுவோவோடு ஷான்டாங்குக்கே வந்துவிட்டார். பெரிய மூக்கு வைத்தியர் என்று ஊர் மக்கள் செல்லமாகக் கூப்பிடுவார்களாம். இன்றும் ஜுனான் மாவட்டத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவமனை இருக்கிறது.

நம் டாக்டர் கோட்னிஸ் அதே போரில், வேறொரு தளப்பகுதியில், இதே மாதிரி சிகிச்சை செய்துகொண்டிருந்தார். 1942 டிசம்பரில் அங்கேயே இறந்தார். இரண்டு பேரையும் சேர்த்தே எனக்கு நினைவு வரும்.

பின்னர் மாஸ்கோவில் லுவோவுக்கு அறுவைச் சிகிச்சை செய்து இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். ஒற்றைச் சிறுநீரகத்தோடுதான் உள்நாட்டுப் போரின் மிகப் பெரிய சண்டைகளில் இருந்தார்.

ஜின்ஜோவில் என்ன நடந்தது?

1948 செப்டம்பர். வடகிழக்கில் கோமிந்தாங் (சியாங் கை ஷேக்கின் தேசியவாதக் கட்சி) படைகள் சாங்சுன், ஷென்யாங், ஜின்ஜோ மூன்று நகரங்களில் அடைந்து கிடந்தன. தெற்கே உள்ள ஜின்ஜோவைப் பிடித்தால் மஞ்சூரியாவின் கதவு சாத்தப்படும், உள்ளே இருப்பவர்கள் வெளியே போக முடியாது. அதைத்தான் மாவோ வற்புறுத்தினார். வடகிழக்குப் படையின் தளபதியான லின் பியாவுக்குத் தயக்கம். சாங்சுன் பக்கத்தில் இருக்கிறது, ஜின்ஜோ தொலைவில். இடையில் மாட்டிக்கொண்டால் பெட்ரோல்கூடத் திரும்பிவரப் போதாது.

அக்டோபர் 2. லின், லுவோ, படைத் தலைமை அதிகாரி லியு யாலோ மூவரும் ரயிலில் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். ஜாங்வூ ரயில் நிலையத்தில் வண்டி நின்றபோது, ஹுலுதாவ் துறைமுகத்தில் எதிரிக்குப் புதிதாக நாலு டிவிஷன் வந்து இறங்குகிறது என்ற செய்தி கிடைத்தது. ஒரு விருந்துக்குச் சமைத்து வைத்தேன், இரண்டு விருந்துக்கு ஆள் வந்துவிட்டார்கள் என்கிற மாதிரி லின் அங்கலாய்த்தார். அன்றிரவே, ஜின்ஜோவை விட்டுவிட்டுச் சாங்சுனுக்குத் திரும்பலாமா என்று கேட்டு மாவோவுக்குத் தந்தி போனது.

மறுநாள் காலை லுவோ, லியு யாலோவையும் கூட்டிக்கொண்டு லின்னைப் பார்க்கப் போனார். குரலை உயர்த்தவில்லை. லட்சக்கணக்கான ஆட்கள் ஏற்கெனவே ஜின்ஜோ பக்கம் நகர்ந்துவிட்டார்கள், இப்போது திரும்பினால் படையின் மனம் உடைந்துவிடும், மத்தியக் குழுவிடம் ஒப்புக்கொண்ட திட்டம் இது என்று எடுத்துச் சொன்னார். லின் ஒப்புக்கொண்டு, தந்தியை நிறுத்தச் சொன்னார். அது ஏற்கெனவே போய்விட்டது. மாவோவின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம், நாமே இன்னொரு தந்தி கொடுத்துவிடுவோம் என்று லுவோ சொல்லி, தன் கையாலேயே எழுதினார். முதல் தந்தியைப் பார்த்துக் கோபத்தில் கொதித்த மாவோ, இரண்டாவதைப் பார்த்தபின்தான் ஆறினார்.

அக்டோபர் 14இல் தாக்குதல். 31 மணி நேரத்தில் ஜின்ஜோ விழுந்தது, எதிரித் தளபதி ஃபான் ஹன்ஜியே பிடிபட்டார். அதன்பின் ஷென்யாங்கிலிருந்து வந்த லியாவ் யாவோசியாங்கின் பெரும்படையை ஹெய்ஷான் குன்றுகளில் ஒரு கார்ப்ஸ் தடுத்து நிறுத்தியது. அதன் தளபதி யார் தெரியுமா? ஹூசியில் லுவோ சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்த அதே லியாங் சிங்சூ. மொத்தம் 52 நாட்களில் கோமிந்தாங் 4,70,000க்கும் அதிகமான ஆட்களை இழந்தது.

லுவோ இறந்தபின் மாவோ எழுதிய இரங்கல் கவிதையில், நெடும்பயணத்தைவிட ஜின்ஜோ சண்டைதான் பெரிய சிக்கலாக இருந்தது என்று ஒரு வரி வரும். அந்த ரயில் பெட்டிதான் அதன் பின்னணி.

துயரம் சொல்லும் கூட்டங்கள் என்று ஒன்றை அவர் நடத்தினாராமே?

1947இல் வடகிழக்குப் படையில் பரவிய வழக்கம். பிடிபட்ட கோமிந்தாங் சிப்பாய்களும் ஏழைக் குடியானவர்களும் ஒன்றாக உட்கார்ந்து, பண்ணையாரிடம் பட்டது, கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனது, பட்டினியில் போன பிள்ளை என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். ஒரு துருப்பில் நடந்ததைக் கவனித்த லுவோ அதை எல்லாப் படைகளுக்கும் பரப்பினார். நேற்றுவரை எதிர்ப்பக்கம் நின்றவன் சில வாரங்களில் இந்தப் பக்கம் நின்று சண்டை போட்டான்.

எனக்கு இதில் இரண்டு மனம். மனிதன் தன் துயரத்தைச் சொல்ல இடம் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த அழுகையைப் போருக்கும், நிலச் சீர்திருத்தத்தின்போது வன்முறைக்கும் எரிபொருளாக்கினார்கள். லுவோவை மதிக்கிற நான் இதையும் சொல்லியாக வேண்டும்.

1949க்குப் பிறகு?

மக்கள் குடியரசின் முதல் தலைமை அரசு வழக்குரைஞர் அவர்தான். 1950இலிருந்து படையின் பொது அரசியல் துறைக்கும், அதிகாரிகளைக் கவனிக்கும் துறைக்கும் தலைவர். 1955இல் அதிகாரிகளுக்குப் பட்டங்கள் வழங்கும் வேலை பெரும்பாலும் அவர் மேசையில்தான் நடந்தது. யாருக்கு எந்த நட்சத்திரம் என்று முடிவு செய்வதில் எவ்வளவு மனக்கசப்பு வரும் என்பது எந்த அலுவலகத்திலும் வேலை பார்த்தவருக்குத் தெரியும். உடம்பு ஒத்துழைக்காததால் 1956 கடைசியில் அரசியல் துறைப் பொறுப்பை விட்டார். அவருக்குப் பின் வந்த தான் ஜெங் 1960இல் பதவி இழந்ததும், மறுபடி இவரையே அழைத்தார்கள்.

1961 மோதல் எதைப் பற்றி?

அப்போது லின் பியாவ் பாதுகாப்பு அமைச்சர். மாவோவின் எழுத்துகளை, கையில் இருக்கும் பிரச்சினைக்கு விடை தேடும் வகையில் படிக்க வேண்டும் என்பது அவர் முழக்கம். லுவோ ஏற்கவில்லை. வேண்டிய வரியை மட்டும் பிய்த்துக்கொள்ளக் கூடாது, உட்கருத்தைப் படிக்க வேண்டும் என்றார். ஏப்ரலில் ராணுவக் குழுக் கூட்டத்தில், லின் முகத்துக்கு நேராகவே அந்த வாசகத்தை எடுத்துவிடலாம் என்று சொன்னார். லின் கோபமாக எழுந்து, கூட்டம் முடிந்தது என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

வெளியிலிருந்து பார்த்தால் சொல்லாட்சிச் சண்டை. ஐந்தாண்டு கழித்துக் கலாச்சாரப் புரட்சியில், மாவோவின் மேற்கோள்கள் அடங்கிய சிவப்புப் புத்தகத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு மாணவர்கள் ஆசிரியர்களை அடித்தபோது, எது எங்கே கொண்டுபோய் விட்டது என்பது தெரிந்தது. அதைப் பார்க்க லுவோ இல்லை.

குடும்பம்?

மனைவி லின் யுவேச்சின், தானே நெடும்பயணத்தில் பெண்கள் படைப்பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கி நடந்தவர். 1937இல் கம்யூனிஸ்டுகளின் தலைமையிடமான யான்ஆனில் திருமணம். 1939இல் படை கிழக்கே ஷான்டாங்குக்குப் புறப்பட்ட சமயத்தில் பிறந்த மகனுக்குத் தோங்ஜின் என்று பெயர் வைத்தார்கள். கிழக்கே முன்னேறு என்று அர்த்தம். அவரும் படையில் சேர்ந்து, ஏவுகணைப் படையில் துணை அரசியல் கமிஸாராக லெப்டினன்ட் ஜெனரல் பட்டத்தோடு ஓய்வு பெற்றார்.

சாகும் தறுவாயில் லுவோ மனைவியிடம் சொன்னது வீட்டைப் பற்றி. எனக்காகக் கொடுத்த வீடு இது, நான் போனபின் இதில் இருக்காதீர்கள், எல்லோரையும் போலச் சாதாரண வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றார். பத்து மார்ஷல்களில் முதலில் போனவர் அவர்தான்.